‘இக்’கும் ‘அ’வும் சேர்ந்தால் ‘க’ ஆகுமா?

வாசகர்களே, உங்களுக்கு ஒரு சிறு கணக்கு. இக் + அ = ? ‘க’ என்று உடனே விடை சொல்லிவிடுவீர்கள். ஏனென்றால் விடை உங்களுக்கு முன்பே தெரியும். விடை தெரியாத ஒரு குழந்தை, காதால் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டால் என்ன சொல்லும்?

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து, திருவண்ணாமலை தன் இயல்புக்குத் திரும்பியிருந்த ஒரு மாலை நேரம். பக்கத்து வீட்டுக்காரர் தம் மகனைத் திண்ணையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பையன் இரண்டாம் வகுப்பு. “இக்கும் அ-வும் சேர்ந்தா என்னடா?” என்று கேட்டார். பையன் சற்று யோசித்து, “இக்க” என்றான். தலையில் ஒரு குட்டு விழுந்தது. மீண்டும் கேள்வி, மீண்டும் “இக்க”, மீண்டும் குட்டு. என்னைக் கண்டதும் தந்தை மனம் நொந்து சொன்னார்: “247 எழுத்தையும் ஒப்பிக்கிறான் சார். ஒரு வார்த்தை எழுத்துக்கூட்டிப் படிக்க வரல. இவனுக்குப் படிப்பு ஏறாது போல இருக்கு.”

அந்தப் பையன் செய்த தவறு என்ன? ‘இக்’ என்ற ஒலியோடு ‘அ’ என்ற ஒலியைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘இக்அ’, ‘இக்க’ என்றுதான் வரும். பையன் கணக்கைச் சரியாகவே போட்டான். குட்டு வாங்கியது சரியான விடை. கணக்கே தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தது. நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் இந்தக் கூட்டல் முறையைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இயற்பியல் ஆசிரியன், தமிழாசிரியன் அல்லன். ஆனால் ஒலி இயற்பியலுக்கு உரிய பொருள்தானே!

தனியே ஒலிக்காத எழுத்து

‘க்’ என்ற மெய்யை ‘இக்’ என்று ஏன் சொல்கிறோம்? அதைத் தனியே சொல்ல முடியாது என்பதால்தான். க், ட், த், ப் போன்ற வல்லின மெய்களை ஒலிக்கும்போது வாயின் ஏதோ ஓரிடத்தில் காற்றின் வழி முழுவதும் அடைபடுகிறது. ‘ப்’ எனில் இதழ்கள். ‘க்’ எனில் நாவின் அடிப்பகுதி. அடைப்பு நீடிக்கும்வரை வெளியே ஏறக்குறைய நிசப்தம். அடைப்பு திறக்கும்போது ஒரு சிறு வெடிப்பு. அதைத் தொடர்ந்து உயிரொலி வந்தால்தான் அது ‘ப’ என்றோ ‘க’ என்றோ காதுக்குப் புலனாகிறது. மெய்கள் அகரத்தின் துணையோடுதான் இயங்கும் என்று தொல்காப்பியமும் கூறுகிறது. வகுப்பறையில் நாம் முன்னால் ஒட்டிவைக்கும் ‘இ’ வெறும் ஊன்றுகோல். பெரியவர்களாகிய நமக்கு அது ஊன்றுகோல் என்று தெரியும். குழந்தைக்கு யார் சொன்னார்கள்?

இதனைச் சோதித்துப் பார்ப்பது எளிது. எங்கள் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ‘கா’ என்ற ஒலியைக் கணிப்பொறியில் பதிவு செய்து, அதன் அலைவடிவத்தைத் திரையில் விரித்தோம். பின்பு பின்பக்கத்திலிருந்து உயிரொலியைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வந்தோம். பெரும்பகுதி வெட்டப்பட்ட பின்னும் ஒரு குறுகிய ‘க’வாகவே கேட்டது. உயிரொலி முழுவதையும் நீக்கியதும் எஞ்சியது ‘க்’ என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை, ‘டொக்’ என்று பென்சிலால் மேசையைத் தட்டியது போன்ற ஓர் ஓசையே எஞ்சியது. அதைத் தனியே கேட்ட மாணவர் எவரும் அது தமிழ் எழுத்து என்றே கருதவில்லை.

நாங்கள் செய்தது புதிய ஆராய்ச்சி அன்று. அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டு, போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு உதவும் பொருட்டு ஒரு வாசிப்புக் கருவியை உருவாக்கும் பணி ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சிட்ட எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை. ஓசைகளை வரிசையாகக் கேட்டால் சொல் புரிந்துவிடும் என்பது எண்ணம். எண்ணம் பொய்த்தது. பேச்சின் வேகத்தில் ஒலித்தபோது அந்த ஓசைகளை யாராலும் பின்தொடர முடியவில்லை. ஏன் என்று ஆராய்ந்த ஆல்வின் லீபர்மன், பிராங்க்ளின் கூப்பர் முதலியோர் 1950களில் ஓர் உண்மையைக் கண்டனர். பேச்சு என்பது மணிகளைக் கோத்த மாலை போன்றதன்று. மெய்யும் உயிரும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. எங்கே வெட்டினாலும் மெய்யை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. நிபுணர்களின் கருவி தோற்ற அதே இடத்தில்தான் நாம் ஏழு வயதுப் பையனை நிறுத்தி, “மணியைக் கோத்துக் காட்டு” என்கிறோம்.

குழந்தையின் காது எதை அறியும்?

அப்படியானால் குழந்தையின் காதுக்கு இயல்பாகப் பிடிபடும் அளவு எது? ஒவ்வோர் உயிரொலியையும் மையமாகக் கொண்டு, வாய் ஒருமுறை திறந்து மூடும் நேரத்தில் வெளிப்படும் ஒலித்துண்டு அது. சாதாரணப் பேச்சில் விநாடிக்கு ஏறத்தாழ நான்கைந்து துண்டுகள் வருகின்றன. தாடையின் கீழ் கையை வைத்துக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லுங்கள். தாடை இரண்டு முறை இறங்கும். ‘வாழைப்பழம்’ என்று சொல்லுங்கள், நான்கு முறை. இ, உ வரும் சொற்களில் தாடை அதிகம் இறங்காது. அங்கே கைதட்டிப் பார்ப்பதே எளிது. ஆகவே இக்கட்டுரையில் இத்துண்டைத் ‘தட்டு’ என்றே அழைப்போம்.

மேற்சொன்ன லீபர்மனின் மனைவி இசபெல் லீபர்மன், தம் குழுவினருடன் 1974இல் ஒரு சோதனையை வெளியிட்டார். குழந்தைகளின் கையில் ஒரு சிறு மரக்குச்சியைக் கொடுத்து, ஒரு சொல்லில் எத்தனை துண்டுகள் என்று மேசையில் தட்டச் சொன்னார்கள். நான்கு வயதுக் குழந்தைகளில் 46 விழுக்காட்டினர் தட்டுகளைச் சரியாக எண்ணினர். மெய் வேறு, உயிர் வேறு எனத் தனியொலிகளை எண்ணச் சொன்னபோது ஒரு குழந்தையாலும் முடியவில்லை. முதல் வகுப்பின் இறுதியில் தட்டுகளை எண்ணியோர் 90 விழுக்காடு. தனியொலிகளை எண்ணியோர் 70 விழுக்காடு. இவர்கள் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் தட்டு முதலில், தனியொலி பின்னர் என்ற வரிசையை நம் நாட்டு ஆய்வும் உறுதி செய்கிறது. பெங்களூரில் கன்னடக் குழந்தைகளிடையே சோனாலி நாக் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியொலி உணர்வு மிக மெதுவாகவே வளர்வதும், எழுத்துத் தொகுதி முழுவதையும் கற்கச் சில ஆண்டுகள் பிடிப்பதும் காணப்பட்டன. கன்னட எழுத்தும் நம் உயிர்மெய் போன்ற அமைப்புடையதே.

ஒரே ஊர், மூன்று கணக்கு

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘சிலபிள்’ எனப்படும் இத்துண்டை ‘அசை’ என்று மொழிபெயர்க்கும் வழக்கம் இருக்கிறது. மொழியியலார் தம் துறைக்குள் அப்படி வழங்குவதில் தவறில்லை. ஆனால் பள்ளியில் அசை என்றால் யாப்பிலக்கணத்தின் நேரும் நிரையும்தான். இரண்டையும் ஒன்றென்று கொண்டால் என்ன நேரும் என்பதை எங்கள் ஊர்ப் பெயரைக் கொண்டே பார்க்கலாம்.

தி, ரு, வ, ண், ணா, ம, லை – எழுத்துகள் 7.
தி–ரு–வண்–ணா–ம–லை – தட்டுகள் 6.
திரு–வண்–ணா–மலை – யாப்பின்படி அசைகள் 4.

மூன்றும் சரியே. எழுத்துக் கணக்கு எழுதுவோனுக்கு உரியது. அசைக் கணக்கு செய்யுள் இயற்றுவோனுக்கு உரியது. தட்டுக் கணக்கு காதுக்கு உரியது. நிரையசையில் இரண்டு தட்டுகள் அடங்கியிருக்கின்றன. ஆகவே, “அசை அசையாகப் பிரித்துக் கைதட்டு” என்று சொல்லும் ஆசிரியர் தம்மை அறியாமலே குழப்பத்தை விதைக்கிறார்.

நானும் இக்குழப்பத்துக்கு விலக்கல்லன். பக்கத்து வீட்டுப் பையனை என்னிடம் அழைத்து, ‘அம்மா’ என்ற சொல்லுக்குக் கைதட்டச் சொன்னேன். இரண்டு முறை தட்டினான். எழுத்துகள் மூன்றல்லவா என்ற நினைப்பில், “தப்பு, மூன்று” என்று சொல்லி, ‘அ–ம்–மா’ என்று நானே தட்டிக் காட்டினேன். பையன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ம்-முன்னா வாய் மூடிக்குது சார். அப்போ எதுக்குத் தட்டணும்?” என்றான். இருபது நாள் பாடத்தை ஒரே கேள்வியில் எனக்கு நடத்திவிட்டான்.

புள்ளி சொல்லும் இரகசியம்

அவன் கேள்வியிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. தமிழ்ச் சொல்லில் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். அதுவே தட்டுகளின் எண்ணிக்கை. அம்மா: எழுத்து 3, புள்ளி 1, தட்டு 2. வாழைப்பழம்: எழுத்து 6, புள்ளி 2, தட்டு 4. பார்த்தான்: எழுத்து 5, புள்ளி 3, தட்டு 2. ஆய்தத்தையும் புள்ளியெழுத்தாகக் கொண்டால் ‘எஃகு’ என்பதற்கும் விதி பொருந்தும். புள்ளியில்லாத ஒவ்வோர் எழுத்திலும் ஓர் உயிர் இருக்கிறது. ஓர் உயிருக்கு ஒரு தட்டு. வேறு இரகசியம் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்துத் தட்டை எண்ண இவ்வளவு எளிய விதி கிடையாது.

இனி, நம் எழுத்துருவைக் கவனியுங்கள். ‘க’ என்பதற்கு ஓர் உரு. அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தால் ‘க்’. புள்ளியுடன் நிற்பது மெய்; புள்ளியை நீக்கினால் அதே உருவம் அகரம் சேர்ந்து ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் காட்டும் முறை. பழைய ஓலைச்சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் அந்தப் புள்ளியும் இராது. எங்கே உயிரை விட வேண்டும் என்பதை வாசிப்பவர் தாமே அறிந்து வாசித்தார். இலக்கணத்தில் உயிரும் மெய்யும் முதல். உயிர்மெய் அவற்றின் சேர்க்கை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இலக்கணம் மொழியை முன்பே அறிந்தவனுக்காக எழுதப்பட்டது. எழுதும் கைக்கும் கேட்கும் காதுக்கும் ‘க’தான் முதல், ‘க்’ அதிலிருந்து பெறப்படுவது. எனவே தொடக்கப் பாடத்தில் க் + அ = க என்ற கூட்டலுக்குப் பதிலாக, ‘க’வில் அகரத்தைக் கழித்தால் ‘க்’ என்று சொல்வதே குழந்தைக்கு நேர்வழி. ப, ட, ம ஆகியவற்றை முழு ஒலியாகவே அறிந்த குழந்தைக்கு, “புள்ளி வந்தால் தட்டாதே, முன் எழுத்தோடு சேர்த்து வாயை நிறுத்து” என்றால் போதும். ‘ப–டம்’ என்பதும் ‘பட்–டம்’ என்பதும் வந்துவிடும். ‘இப்’, ‘இட்’, ‘இம்’ என்ற மூன்று ஊன்றுகோல்களும் தேவைப்படா.

தட்டினால் மட்டும் போதுமா?

போதாது. இதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது சில பள்ளிகளில் கைதட்டுவதே பாடம் என்றாகிவிட்டது. ‘படம்’, ‘பட்டம்’ – இரண்டுக்கும் தட்டு இரண்டுதான். வேறுபாடு எங்கே இருக்கிறது? ‘பட்டம்’ என்னும்போது நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு சற்றுக் கூடுதலான நேரம் நிற்கிறது. கைப்பேசியில் இரண்டையும் பதிவு செய்து அலைவடிவத்தைப் பார்த்தால், ‘பட்டம்’ என்பதன் நடுவே ஓர் இடைவெளி தெளிவாகத் தெரியும். அந்த நிசப்தத்தின் பெயர்தான் ‘ட்’. தட்டப் பழகிய குழந்தைக்கு அடுத்த படியாக இந்த நிறுத்தத்தைக் கேட்கப் பழக்க வேண்டும். நெடிலும் குறிலும் அப்படியே. ‘கல்’, ‘கால்’ இரண்டுக்கும் தட்டு ஒன்று, நேரம் வேறு. கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாக வைத்த நம் முன்னோர் அளந்தது இந்த நேரத்தைத்தான்.

மற்றொன்று. ‘பால்’ என்பதற்கு இரண்டு தட்டுத் தட்டும் குழந்தையைத் திருத்துமுன் சற்றுப் பொறுங்கள். அது வீட்டில் கேட்ட சொல் ‘பாலு’. தான் பேசும் சொல்லைச் சரியாகவே தட்டியிருக்கிறது. “நாம் பேசும்போது பாலு; புத்தகத்தில் பால்” என்று சொல்லி இரண்டையும் தட்டிக் காட்டுவதே முறை. பேச்சு மொழியைத் தவறென்று ஒதுக்கினால், குழந்தை தன் காதையே நம்பாமல் போகும்.

மூன்றாவது இடர்ப்பாடு எழுத்துருவில் உள்ளது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பேருந்துகளின் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள்: செங்கம், போளூர், வேட்டவலம். ‘செ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியில் எகரம் பின்னால் வருகிறது. ‘போ’ என்பதில் உயிரின் குறி இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகக் கூட்டிப் படிக்க முயலும் குழந்தை இங்கே தடுமாறாமல் என்ன செய்யும்? ‘செங்’, ‘போ’, ‘வேட்’ என்று தட்டு முழுவதையும் ஒரே பார்வையில் பிடிக்கக் கற்ற குழந்தைக்கு இத்தடை பெரிதன்று.

மறுப்பவர்களுக்கு

“நாங்களெல்லாம் இக் + அ என்று படித்துத்தானே பட்டம் வாங்கினோம்?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையே. நம்மில் பலர் அம்முறையின் வழியே கற்றோம். ஆனால் நம்மோடு முதல் வகுப்பில் உட்கார்ந்து, பின்பு வராமற்போனவர்களை இக்கணக்கில் சேர்த்துக்கொண்டோமா? கரை சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிப் படகு நல்லது என்று முடிவு செய்வது விஞ்ஞான முறையன்று.

மாற்றுவழிகளை நம் மாநிலம் அறியாததும் அன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் முதியவர்களுக்கு அ, ஆ என்று தொடங்காமல், ‘பட்டா’ போன்ற வாழ்க்கைச் சொல்லிலிருந்தே எழுத்தைக் கற்பித்தது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளறிந்து வாசிக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்து, பாடலையும் செயலையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் வீட்டுச் சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணை மாறவில்லை. பக்கவாட்டில் க், ங், ச். மேலே அ, ஆ, இ. நடுவே 216 கட்டங்கள். பெருக்கல் வாய்ப்பாடு போன்ற அந்த அட்டவணை, படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத்தின் ஒழுங்கைக் காட்டும் அழகிய தொகுப்பு. படிக்கத் தெரியாதவனுக்கு அது முதல் பாடம் ஆகாது. 1978இல் ணா, றா, னா, லை முதலிய எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தி, குழந்தையின் சுமையைக் குறைத்தோம். வடிவத்தைத் திருத்திய நாம், சொல்லிக்கொடுக்கும் ஒலியைத் திருத்த இன்னும் முன்வரவில்லை.

செய்து பாருங்கள்

பெற்றோரும், தம்பி தங்கைகள் உள்ள மாணவ நண்பர்களும் இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை.

முதல் வாரம் எழுத்தே வேண்டாம். வீட்டிலுள்ளவர்களின் பெயர்கள், காய்கறிகள், ஊர்கள் ஆகியவற்றுக்குக் கைதட்டச் சொல்லுங்கள். பிறகு, ‘வாழைப்பழம்’ என்பதில் கடைசித் தட்டை விட்டுவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். குழந்தை ‘வாழைப்ப’ என்று சொல்லிச் சிரிக்கும். சொல் துண்டாகும் பொருள் என்பது அதற்குப் புரிந்துவிட்டது என்று அறியலாம். அடுத்து ப, ட, ம, க, ல போன்ற சில எழுத்துகளை முழு ஒலியாக அறிமுகப்படுத்தி, அவற்றாலான சொற்களைக் கொடுங்கள். அதன்பின் புள்ளி, அதன்பின் கால், கொம்பு. அட்டவணை கடைசியில் வரட்டும். அப்போது அது மனப்பாடமாக இராது. தான் முன்பே அறிந்தவற்றின் வரிசையாகத் தெரியும். எந்தச் சொல்லில் குழந்தை தடுமாறியது என்று தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து அந்தக் குறிப்பைப் பார்த்து, இம்முறை பயன்தந்ததா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யலாம். நான் சொன்னதால் ஏற்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் படிக்கிறான். ஒரு பையனை வைத்து முறையின் வெற்றியைப் பறைசாற்ற நான் விரும்பவில்லை. ஆனால் சென்ற வாரம் அவன் தந்தையோடு பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தபோது, ஒரு பேருந்தின் பலகையைப் பார்த்துத் தொடையில் மெல்ல இரண்டு முறை தட்டி, “செங்... கம்” என்றானாம். அன்று மாலை என்னிடம் இதைச் சொன்ன தந்தை, “நாங்க போக வேண்டியது போளூர் சார், ஆனாலும் அந்த பஸ் கிளம்புற வரைக்கும் அங்கேயே நின்னோம்” என்றார்.